எண்ணத் தெரிந்த இயந்திரத்துக்கு எண்ணூரைத் தெரியுமா?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை நடந்து பாருங்கள். மின்கம்பத்தில், பாலத்தின் தூணில், ஆட்டோவின் முதுகில் இரண்டு விளம்பரங்கள் கண்ணில் படும். ஒன்று, கடன் வேண்டுமா? இன்னொன்று, குழந்தை வேண்டுமா? இரண்டுமே ஒரே ஆளுக்காகத்தான். முதலாவதை வாங்கினால்தான் இரண்டாவதன் வாசலை மிதிக்க முடியும்.

இப்போது அந்தக் குழந்தையின்மை விளம்பரங்களில் ஒரு புதுச் சொல் ஏறிக்கொண்டிருக்கிறது: செயற்கை நுண்ணறிவு. விந்தணுவைக் கண்டுபிடிக்கும் கணினி, எண்ணும் கணினி, 'நல்லதை'ப் பொறுக்கித் தரும் கணினி. அறிவியல் முன்னேறட்டும், நமக்கு வழக்கில்லை. நம் கேள்வி வேறு. இவ்வளவு கூர்மையான கண்ணைக் கண்டுபிடித்தவர்கள் அதை எந்தப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறார்கள்? பணம் கட்டுகிறவனின் விந்து பக்கமா, புகையை விழுங்குகிறவனின் உடம்பு பக்கமா?

இயந்திரம் எதைப் பார்க்கிறது?

முதலில் இதைப் புரிந்துகொள்வோம். புரியாததைக் கண்டு மிரள்வதும் புரியாததை வணங்குவதும் நம் இயக்கத்துக்கு ஆகாது.

1677இல் நெதர்லாந்தின் லேவன்ஹூக் தன் கையால் தேய்த்த கண்ணாடி வில்லையில் விந்தணுவைப் பார்த்தார். அன்று முதல் 300 ஆண்டுகள், பார்த்ததும் எண்ணியதும் மனிதக் கண்தான். இன்றும் பெரும்பாலான லேப்களில் ஒரு டெக்னீஷியன் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ஒரு துளியை வைத்து, மைக்ராஸ்கோப்பில் குனிந்து, குறைந்தது 200 அணுக்களை எண்ணி, மறுபடியும் 200 எண்ணிச் சரிபார்க்கிறார். கழுத்து வலிக்கும் வேலை. ஆளுக்கு ஆள் கணக்கு மாறும் வேலையும்கூட.

1980களில் கணினி உள்ளே வந்தது. 37 டிகிரி வெப்பத்தில் வைத்த துளியைக் கேமரா நொடிக்கு 30, 60 படங்களாக எடுக்கிறது. பின்புலத்திலிருந்து பளிச்சென்று தெரியும் சிறு முட்டை வடிவத் தலைகளைக் கணினி அடையாளம் காண்கிறது. ஒரு படத்தில் இருந்த தலை அடுத்த படத்தில் எங்கே நகர்ந்தது என்று புள்ளிகளைக் கோர்க்கிறது. அந்தக் கோடுதான் விந்தணு நீந்திய பாதை. நேராகப் போனதா, வட்டமடித்ததா, நின்ற இடத்திலேயே துடித்ததா என்று வேகக் கணக்குப் போடுகிறது. இப்போது வரும் நுண்ணறிவு மென்பொருள்கள் தலையின் வடிவம், கழுத்து, வால் என்று பிரித்து மதிப்பெண் போடவும் கற்றிருக்கின்றன.

தவறும் செய்கின்றன. தூசியை, வேறு வட்ட அணுக்களை விந்தணு என்று எண்ணிவிடும். ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் குழம்பும். எண்ணிக்கை மிகக் குறைவாக இருக்கும் ஆளிடம், அதாவது துல்லியம் அதிகம் தேவைப்படும் இடத்தில், பழைய முறைக் கணினிகள் அதிகம் தடுமாறும். உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆறாம் பதிப்புக் கையேடுகூட இந்த முறையை அடிப்படைப் பரிசோதனைகளில் சேர்க்கவில்லை, மேம்பட்ட சோதனைகளின் வரிசையில்தான் வைத்திருக்கிறது. விளம்பரம் சொல்கிற மாதிரி இது தீர்ப்பு சொல்லும் கடவுள் அல்ல. நன்றாகப் பழக்கினால் நன்றாக எண்ணும் கருவி, அவ்வளவுதான்.

அளவுகோல் யாருடைய உடம்பு?

எண்ணிய பிறகு 'குறை' என்றோ 'சரி' என்றோ சொல்ல ஓர் அளவுகோல் வேண்டும். அதே கையேட்டின்படி ஒரு மில்லி லிட்டரில் 1 கோடியே 60 லட்சம் என்பது கீழ் எல்லை. எங்கிருந்து வந்தது இது? இயற்கையாகத் தந்தையான ஆண்களின் மாதிரிகளை அளந்து, அவர்களில் கடைசி 5 சதவீதம் எங்கே தொடங்குகிறது என்று பார்த்துப் போட்ட கோடு. 2010இல் முந்தைய பதிப்புக்காக அளக்கப்பட்டவர்கள் ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்தவர்கள். 2021இல் சீனா, ஈரான், எகிப்து, இத்தாலி, கிரீஸ் சேர்ந்தன. 140 கோடிப் பேர் வாழும் இந்தியா அதில் இல்லை.

நுண்ணறிவுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த படங்களும் அப்படித்தான். ஆராய்ச்சியாளர்கள் பொதுவில் பயன்படுத்தும் படத் தொகுப்புகளில் ஒன்று நார்வேயில் 85 ஆண்களிடமிருந்து எடுத்தது. வேறு சில ஈரான், சிலி நாடுகளின் லேப்களிலிருந்து வந்தவை. சில தொகுப்புகளில் மொத்தப் படங்களே சில நூறுதான்.

நார்வேக்காரனுக்கும் நமக்கும் விந்தணுவின் வடிவம் வேறு என்று நாம் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது இனவாதம். நாம் சொல்வது இது: கொதிகலன் பக்கத்தில் 12 மணி நேரம் நிற்பவன், சாம்பல் லாரியில் ஏறி இறங்குபவன், கப்பலின் வயிற்றில் நிலக்கரி அள்ளுபவன் யாரும் இந்த அளவுகோலுக்குள் தேடி எடுக்கப்பட்டதில்லை. நம் உடம்பை அளக்க வந்த கோலில் நம் உழைப்பின் தடம் கிடையாது.

லாத்ரோப் தொழிலாளர்கள் கேட்ட கேள்வி

நம் இளைஞர்கள் ஒவ்வொருவரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் லாத்ரோப். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் இருக்கிறது. 1977இல் அங்கே ஆக்சிடென்டல் கெமிக்கல் நிறுவனத்தின் தொழிற்சாலையில் டி.பி.சி.பி. என்ற பூச்சிக்கொல்லியைத் தயாரித்துக் கொண்டிருந்தார்கள். மண்ணுக்குள் இருக்கும் நூற்புழுவைக் கொல்வது அது. அந்தப் பிரிவில் வேலை செய்த ஆண்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டபோது ஒன்று உறைத்தது: நம்மில் யாருக்குமே சமீபத்தில் குழந்தை பிறக்கவில்லையே!

அவர்கள் சங்கத்தின் மூலம் பரிசோதனை கேட்டார்கள். கருத்தடை அறுவை செய்யாத 25 பேரைச் சோதித்ததில் 14 பேருக்கு விந்தணு மிகக் குறைவு அல்லது அறவே இல்லை. நிறுவனங்களுக்கு இது புதுச் செய்தியா? இல்லை. இந்த வேதிப்பொருள் எலிகளின் விரையைச் சுருங்கச் செய்கிறது என்ற ஆய்வு 1961இலேயே வெளியாகியிருந்தது. உற்பத்தி செய்த பெருநிறுவனங்களின் ஆய்வுதான் அது. 16 ஆண்டுகள் எலிக்குத் தெரிந்தது தொழிலாளிக்குத் தெரியவில்லை.

1979இல் அமெரிக்கா அதன் பெரும்பாலான பயன்பாட்டை நிறுத்தியது. ஆனால் மத்திய அமெரிக்காவின் வாழைத் தோட்டங்களில் அது தெளிக்கப்படுவது உடனே நிற்கவில்லை. நிகரகுவாவிலும் கோஸ்டாரிகாவிலும் ஆயிரக்கணக்கான கூலிகள் மலடானதாகச் சொல்லிப் பல ஆண்டுகள் நீதிமன்றப் படி ஏறினார்கள். வெள்ளைத் தொழிலாளிக்கு ஆகாத விஷம் பழுப்புத் தொழிலாளிக்கு ஆகும் என்பது முதலாளித்துவத்தின் பழைய மனுநீதி.

இந்தக் கதையில் செயற்கை நுண்ணறிவு எங்கே இருந்தது? எங்கும் இல்லை. சாதாரண மைக்ராஸ்கோப், சாதாரண டெக்னீஷியன். உண்மையைக் கண்டுபிடித்தது, ஒருவருக்கொருவர் வெட்கத்தை விட்டுப் பேசிய தொழிலாளர்களும் அவர்களுக்கு ஒரு சங்கம் இருந்ததும்தான்.

இனி எண்ணூருக்கு வருவோம்

மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, உரத் தொழிற்சாலை, பெட்ரோ கெமிக்கல்கள். எண்ணூரில் அனல்மின் நிலையங்கள், துறைமுகங்கள், நிலக்கரிக் கிடங்குகள். கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, முழங்கால் ஆழத்துக்கு மேடாகிப்போன கழிமுகம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு கச்சா எண்ணெய்க் கழிவு வந்து மீனவர் படகிலும் வலையிலும் வீட்டுச் சுவரிலும் அப்பியது. அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், உரத் தொழிற்சாலைக்குப் போகும் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பெரியகுப்பமும் சின்னகுப்பமும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடின.

நிலக்கரிச் சாம்பலில் ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்சனிக் எல்லாம் சிறு சிறு அளவில் இருக்கின்றன. ஈயம் விந்தணுவைக் கெடுக்கும் என்பதை ருமேனியாவின் பேட்டரித் தொழிலாளர்களிடம் 1975லேயே காட்டிவிட்டார்கள். விரைகள் உடலின் வெப்பத்தைவிட 2 முதல் 4 டிகிரி குறைவாக இருந்தால்தான் விந்தணு ஒழுங்காக உருவாகும். உலையின் முன் நிற்பவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஒரு விந்தணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும். அதாவது இந்த ஷிப்டில் வாங்கிய அடி, இரண்டரை மாதம் கழித்து ஒரு துளியில் எழுதப்பட்டிருக்கும். விந்தணு என்பது தொழிலாளியின் உடம்பு தானே எழுதிக்கொள்ளும் வருகைப் பதிவேடு.

'எண்ணூரின் புகையால்தான் இங்கே ஆண்களுக்குக் குறை' என்று நாம் தீர்ப்பு எழுதவில்லை. தீர்ப்பு எழுத வேண்டியது ஆய்வு. நம் குற்றச்சாட்டு, அந்தப் பதிவேட்டைத் திறந்து படிக்கும் கடமையைச் சட்டம் யார் மீதும் சுமத்தவில்லை என்பதே.

போபாலுக்குப் பிறகு, 1987இல், தொழிற்சாலைகள் சட்டத்தில் 41சி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். அபாயகரமான வேலையில் இருப்பவருக்கு 12 மாதத்துக்கு ஒரு முறையாவது மருத்துவப் பரிசோதனை, அவருடைய மருத்துவப் பதிவைத் தொழிலாளி பார்க்கும் உரிமை. நல்ல பிரிவு. ஆனால் அந்தச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருந்த தொழில்சார் நோய்களின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். ஈய நஞ்சு இருந்தது, பாதரச நஞ்சு இருந்தது, சிலிகோசிஸ் இருந்தது. குழந்தை பெறும் திறன் போவது நோயாக இருக்கவில்லை. கை போனால் இழப்பீடு. வம்சம் போனால் விதி.

அதோடு, மிக ஆபத்தான வேலைகளில் நிற்பது யார்? கம்பெனி சம்பளப் பட்டியலில் இல்லாத காண்ட்ராக்ட் தொழிலாளி. சாம்பல் அள்ளுபவர், டேங்க் கழுவுபவர், கழிவுநீர்த் தொட்டியில் இறங்குபவர். இந்த ஆண்டு ஒரு காண்ட்ராக்டர், அடுத்த ஆண்டு இன்னொருவர். அவருடைய மருத்துவப் பதிவு எந்த அலமாரியில் இருக்கும்? அந்த வேலைகளுக்கு எந்தத் தெருக்களிலிருந்து ஆள் எடுக்கிறார்கள் என்பதை நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பழி மட்டும் பெண்ணுக்கு

ஆணின் துளியைப் படிக்காத சமூகம் பெண்ணின் நெற்றியைப் படிக்கிறது. 'அரச மரத்தைச் சுற்றி வந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்று பழமொழி இருக்கிறது. ஆணைக் கிண்டல் செய்ய அப்படி ஒன்று இருக்கிறதா? 'மலடி' என்ற சொல் தெருவில் புரளும் அளவுக்கு 'மலடன்' என்ற சொல் புரள்வதில்லை. குழந்தை இல்லாத தம்பதியரில் ஏறத்தாழ பாதிப் பேரிடம் ஆணின் காரணமும் உண்டு என்று மருத்துவம் சொல்கிறது. ஆனால் முதலில் ஸ்கேனுக்குப் போவது அவள், ஊசி போட்டுக்கொள்வது அவள், வளைகாப்புக்கு அழைக்கப்படாமல் விடப்படுவது அவள். ஆண் ஒரு டப்பாவில் மாதிரி கொடுக்க மானம் போகிறது என்கிறான்.

தோழர்களே, இங்கே நம் ஆண்களைப் பார்த்தும் பேச வேண்டியிருக்கிறது. ஆலைக்காரனிடம் உடம்பைக் கொடுத்துவிட்டு மனைவியிடம் கணக்குக் கேட்பது எந்த ஆண்மை? லாத்ரோப்காரர்கள் வாய் திறந்ததால்தான் விஷம் வெளியே வந்தது. நம் ஆண்கள் மௌனமாக இருக்கும் ஒவ்வொரு நாளும் முதலாளிக்கு ஒரு நாள் லாபம்.

அன்று வெட்டினார்கள், இன்று விற்கிறார்கள்

இந்த அரசுக்கு ஏழையின் விந்தை எண்ணத் தெரியாது என்று நினைக்காதீர்கள். நாட்டிலேயே முதலில், 1956இல், கருத்தடை அறுவைக்குப் பணம் கொடுக்கத் தொடங்கியது நம் மெட்ராஸ் அரசுதான். அவசரநிலைக் காலத்தில் 1976-77இல் மட்டும் நாடெங்கும் 80 லட்சத்துக்கும் மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன, அதில் 60 லட்சத்துக்கும் மேல் ஆண்களுக்கு. வட இந்தியாவில் தலித்துகளையும் முஸ்லிம்களையும் கூலிகளையும் லாரியில் ஏற்றிக் கொண்டுபோனார்கள். ஆசிரியர்களுக்கும் அலுவலர்களுக்கும் இலக்கு வைத்து எண்ணினார்கள். நம் விதை வேண்டாம் என்றபோது அரசிடம் முகாம் இருந்தது, டாக்டர் இருந்தார், வண்டி இருந்தது, பணமும் இருந்தது. நம் விதை கெடுகிறதே என்று கேட்கும்போது எல்லாம் தனியார் கையில் இருக்கிறது.

அந்தச் சந்தைக்கு நம் உடம்பு வாடிக்கையாளராக ஆகாவிட்டாலும் கச்சாப் பொருளாக ஆகும். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியிடமிருந்து பல முறை கருமுட்டை எடுத்து விற்ற கொடுமை வெளிவந்ததை மறக்க முடியுமா? ஏழை வீட்டுப் பெண்ணின் கருமுட்டை வேண்டும், அவளுக்குக் குழந்தை இல்லை என்றால் மட்டும் லட்சங்களில் பில் வரும்.

கொலம்பியாவிலிருந்து இரண்டு கண்டுபிடிப்புகள்

2025இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு செய்தி வந்தது. விந்தணுவே இல்லை என்று சொல்லப்பட்ட ஒருவரின் மாதிரியை அவர்களுடைய நுண்ணறிவுக் கருவி 25 லட்சம் படங்களாக அலசி, உயிருள்ள 2 விந்தணுக்களைக் கண்டுபிடித்தது. 19 ஆண்டுகள் காத்திருந்த ஒரு தம்பதியருக்குக் கரு தங்கியது. மகிழ்ச்சியான செய்திதான். அந்தப் பெண்ணின் கண்ணீரை நாம் கொச்சைப்படுத்த மாட்டோம்.

அதே கொலம்பியாவில்தான் 1916 மே 9 அன்று 25 வயது அம்பேத்கர் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை வாசித்தார். சாதியின் உயிர்நாடி அகமணம் என்று அங்கே நிறுவினார். யார் யாரோடு சேர்ந்து பிள்ளை பெறலாம் என்பதைக் காவல் காப்பதன் மூலமே சாதி தன்னைப் பெற்றெடுத்துக்கொள்கிறது என்பதுதான் அதன் சாரம்.

முதல் கண்டுபிடிப்பு இந்தியாவுக்கு வரும். இரண்டாவதை மறந்துவிட்டு வந்தால் என்ன ஆகும்? 2012இல் ஐ.ஐ.டி. மாணவனின் விந்து வேண்டும், 20,000 ரூபாய் தருகிறோம் என்று சென்னைத் தம்பதியரின் விளம்பரம் வந்து செய்தியானது. நிறம், படிப்பு, 'நல்ல குடும்பம்' என்று கேட்கும்போது எந்த வார்த்தைக்குப் பின்னால் எது ஒளிந்திருக்கிறது என்பது நமக்குத் தெரியும். 2021ஆம் ஆண்டின் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டம் பாலினம் பார்த்துத் தேர்வு செய்வதைத் தண்டிக்கிறது. சாதி பார்த்துத் தேர்வு செய்வதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மைக்ராஸ்கோப்பில் தெரியாத ஒன்றே ஒன்று சாதி. 25 லட்சம் படம் எடுத்தாலும் அது அகப்படாது. அதை டப்பாவின் மேல் ஒட்டுவது மனிதக் கை.

அவர்கள் சொல்லப்போவது

'ஏழைக்கு எதற்குக் கருத்தரிப்புப் பேச்சு, ஏற்கெனவே மக்கள்தொகை அதிகம்' என்பார்கள். பணக்காரனின் குழந்தை வாரிசு, ஏழையின் குழந்தை மக்கள்தொகையா?

'ஆய்வு செய்தால் எண்ணூர்ப் பையனுக்கு யாரும் பெண் கொடுக்க மாட்டார்கள்' என்பது இன்னொரு வாதம். இது நம் வீடுகளுக்குள்ளிருந்தே வரும். இதை நாம் தள்ளிவிட முடியாது, உண்மையான பயம் இது. மாசுபட்ட ஊர் என்ற பெயரோடு மலட்டு ஊர் என்ற பெயரும் சேர்ந்தால் அதைச் சுமப்பது நாம்தான், ஆலை அல்ல. அதனால்தான் ஆய்வு யார் கையில் இருக்கிறது என்பது முக்கியமாகிறது. ஆளின் பெயர் வெளியே போகக் கூடாது. தெருவின் பெயரும் போகக் கூடாது. வெளியே வர வேண்டியது வேலைப் பிரிவின் பெயரும் வேதிப்பொருளின் பெயரும். லாத்ரோப் ஆய்வு வந்தபோது உலகம் கற்றுக்கொண்ட கெட்ட பெயர் டி.பி.சி.பி. அந்த ஆண்களின் பெயர் அல்ல. பயந்து மூடி வைத்தால் நோய் நம்மிடம் இருக்கும், லாபம் அவர்களிடம் இருக்கும்.

நாம் கேட்பது

1. அபாயகரமான ஆலைகளின் ஆண்டுப் பரிசோதனையில், தொழிலாளி விரும்பினால், இனப்பெருக்க நலப் பரிசோதனையும் இலவசமாகச் சேர்க்கப்பட வேண்டும். ஆணுக்கும் பெண்ணுக்கும். காண்ட்ராக்ட் தொழிலாளிக்கும், வேலையை விட்டு நின்றவருக்கும்.

2. ஸ்டான்லி, ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்., திருவொற்றியூர் அரசு மருத்துவமனைகளில் தம்பதியர் இருவரையும் ஒன்றாகச் சோதிக்கும் பிரிவு வேண்டும். எண்ணும் கணினி வந்தால் முதலில் அங்கே வரட்டும். அதைச் சரிபார்க்கப் பயிற்சி பெற்ற நிரந்தர டெக்னீஷியனும் வரட்டும்.

3. நம் மாதிரியில் எடுத்த படம் நம்முடையது. அதை வைத்து எந்தக் கம்பெனியும் மென்பொருளைப் பழக்கி விற்கக் கூடாது. ஆய்வுக் குழுவில் சங்கமும் ஊர்ப் பெண்களும் இருக்க வேண்டும்.

4. குழந்தை பெறும் திறனை இழப்பது தொழில்சார் பாதிப்பாக அறிவிக்கப்பட்டு இழப்பீட்டுக்குள் வர வேண்டும்.

5. விந்து, கருமுட்டை வங்கிகளில் சாதி கேட்பதும் சொல்வதும் குற்றமாக்கப்பட வேண்டும்.

மாணவத் தோழர்களே, உங்களில் லேப் டெக்னாலஜி படிப்பவர்கள் இருக்கிறீர்கள், கணினி படிப்பவர்கள் இருக்கிறீர்கள், சட்டம் படிப்பவர்கள் இருக்கிறீர்கள். பெரும்பாலும் உங்கள் வீட்டில் நீங்கள்தான் முதல் பட்டதாரி. அப்பாவின் கம்பெனியில் அவருடைய மருத்துவப் பதிவைக் கேட்டு ஒரு மனு எழுதுங்கள். பத்துப் பேர் எழுதினால் மனு, நூறு பேர் எழுதினால் இயக்கம். டீக்கடையில், கட்சி அலுவலகத்தில், இரவுப் பள்ளியில் ஆண்களிடம் இந்தப் பேச்சை எடுங்கள். முதல் நாள் சிரிப்பார்கள். இரண்டாம் நாள் ஒருவர் தனியாக வந்து கேட்பார். அந்த ஒருவரிடமிருந்துதான் லாத்ரோப் தொடங்கியது.

விதைநெல்லை யாரும் அடகு வைப்பதில்லை. வடசென்னை மட்டும் ஏன் வைக்க வேண்டும்?

ஜெய் பீம்!